சங்காயக் கூடையில் தொடங்கிய வகுப்பு: கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கையால் செய்து கற்கும் பயிற்சியை நடத்துவது எப்படி

முதலில் ஒன்று. காசு கொடுத்துப் பெட்டி பெட்டியாக 'ஆக்டிவிட்டி கிட்' வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் பாம்பனுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கரையூரில் சனிக்கிழமைகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்த வருடம், கலர் பேப்பர், பசை, வெட்டி வைத்த கிளி பொம்மை எல்லாம் மதுரையிலிருந்து வரவழைத்தேன். இருபது பிள்ளைகள், இருபது கிளி, இருபதும் ஒரே மாதிரி. ஒட்டி முடித்து வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு பிள்ளைகூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் எந்த வேலையைத் திட்டமிட்டாலும் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன்: இந்த வகுப்பு முடியும்போது, எனக்கு முன்கூட்டித் தெரியாத ஏதாவது ஒன்றை ஒரு பிள்ளை எனக்குச் சொல்ல வழி இருக்கிறதா? இருந்தால் நடத்தலாம். இல்லையென்றால் அது வெறும் கைவேலை, பொழுது போகும், அவ்வளவுதான்.

நம் பள்ளிகளுக்கு இது புதிதும் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2022 முதல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்துப் பாடலும் ஆடலுமாகத்தான் நடத்துகிறார்கள். அதனால் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசும்போது "புதுசாக ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் நடத்துவதை இதோடு சேர்த்து நடத்தலாம் என்று சொல்லுங்கள், கதவு சீக்கிரம் திறக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கூடையை நடுவில் வையுங்கள்

சங்காயம் என்றால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வலையில் விலைபோகிற மீனோடு சேர்ந்து வரும் பொடிமீன், குட்டி நண்டு, சிப்பி எல்லாம் சேர்ந்த குவியல், காயவைத்துக் கோழித் தீவனத்துக்குப் போகும். காலையில் கரைக்குப் போய்க் கேட்டால் ஒரு சின்னக் கூடை சும்மாவே தருவார்கள். ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, நிழலில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து, நடுவில் கொட்டிவிடுங்கள்.

நான் முதல் தடவை கொட்டியபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "அக்கா, இது சங்காயம்க்கா, இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, வாசிப்பும் தடுமாற்றம். "எனக்கும் தெரியாது, நீயே பிரிச்சு வை" என்றேன். பத்து நிமிஷத்தில் மூன்று குவியல் வைத்துவிட்டாள். என்ன கணக்கு என்று கேட்டால், "இது குழம்புக்கு, இது பொரிக்க, இது கருவாட்டுக்கு." நான் நிறத்தை வைத்தோ அளவை வைத்தோ பிரிப்பார்கள் என்று நினைத்து அதற்கு ஏற்றபடி தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் அவரவர் மனதுக்குப் பட்டபடி பிரிக்கட்டும், "ஏன் இப்படிப் பிரித்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். ஒருத்தன் முள் அதிகம், முள் குறைவு என்று பிரிப்பான். இன்னொருத்தி பெரியம்மா வீட்டில் எது சமைப்பார்கள் என்பதை வைத்துப் பிரிப்பாள். எல்லாமே சரி. அதற்கப்புறம்தான் நம் கேள்வி: வாயைப் பாருங்கள், எந்த மீனுக்கு வாய் மேலே பார்த்திருக்கிறது, எதற்குக் கீழே பார்த்திருக்கிறது? முரலுக்கு ஏன் ஊசி மாதிரி நீண்டிருக்கிறது? நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கிறதே, மறுபக்கம் எங்கே படுத்துக் கிடந்திருக்கும்? கணவாய்க்கு எத்தனை கை? எண்ணச் சொல்லுங்கள். எட்டு என்பார்கள், இன்னும் நீளமாக இரண்டு உள்ளே மடங்கி இருக்கும், அதைத் தேடி எடுக்கும்போது வரும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நண்டைத் திருப்பிப் போட்டால் வயிற்று மடிப்பு அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண் என்று பாதிப் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லட்டும்.

மீனின் பெயரை ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். காரல், சூடை, கிளாத்தி, ஓரா, ஊளி என்று பலகை நிறைந்துவிடும். எங்கள் வகுப்பில் முதல் நாளே பலகையில் இடம் போதவில்லை. எழுத்து தெரியாத பிள்ளைக்கும் தான் சொன்ன சொல் பலகையில் ஏறும்போது அதைப் படித்துவிட வேண்டும் என்று வெறி வரும். ழ, ள, ல மூன்றையும் சொல்லித்தர இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியாது.

கூடையைப் பிள்ளைகளிடம் விடும் முன் பெரியவர் ஒருவர் கிளறிப் பார்த்துவிட வேண்டும். கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றுக்கும் குத்தினால் கடுக்கிற விஷமுள் உண்டு, முள்ளை வெட்டியெடுத்துவிட்டு வையுங்கள். பேத்தை மீன் இருந்தால் எடுத்துத் தனியே போட்டுவிடுங்கள், அதன் உடம்பிலேயே விஷம். ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, சோப்பு போட்டுக் கைகழுவ வைத்து, கூடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்

இருபது பிள்ளைக்கு மேல் சேர்க்காதீர்கள். வகுப்பு வாரியாக உட்கார வைக்காமல் நான்கு நான்கு பேராக, ஐந்தாம் வகுப்பும் முதல் வகுப்பும் ஒரே குழுவில் வருகிற மாதிரி பிரியுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். ஆளுக்கு ஒரு நோட்டு, கோடு போடாதது. சின்னவர்கள் வரையட்டும், பெரியவர்கள் எழுதட்டும், எழுத்துப் பிழையை அன்றைக்கே சிவப்பு மையால் திருத்த வேண்டாம். செய்யும் முன் ஒவ்வொருவரும் என்ன நடக்கும் என்று நினைக்கிறார்களோ அதை நோட்டில் போட்டுவிட வேண்டும். இது ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முன்னால் சொல்லிவைத்தால்தான் பின்னால் பார்க்கும்போது கண் கூர்மையாகும்.

ஒரு லிட்டர் கடல்

உப்பு சோதனையை மாசி, பங்குனியில் வையுங்கள், மழைக்காலத்தில் வைத்தால் தட்டில் தண்ணீர் கூடிக்கொண்டேதான் போகும். மூன்று பிளாஸ்டிக் தட்டு வேண்டும், மூன்றும் ஒரே அளவு. ஒன்றில் ஒரு லிட்டர் கடல் தண்ணீர், ஒன்றில் ஒரு லிட்டர் ஊர்க் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் வீட்டில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீர் ஒரு லிட்டர். மேலே கொசுவலைத் துணி கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வைக்கும் முன்னே கேளுங்கள்: ஒரு லிட்டர் கடலில் எவ்வளவு உப்பு இருக்கும்? ஒரு சிட்டிகை என்பான் ஒருத்தன், ஒரு உழக்கு என்பாள் ஒருத்தி. கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது, மழை முடிந்த கையோடு எடுத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் இந்த எண்ணை நீங்கள் சொல்லவே கூடாது, தட்டு சொல்லட்டும். தண்ணீர் விரலின் பாதி ஆழம்தான் இருக்கும் என்பதால் நல்ல வெயிலில் சில நாளில் வற்றிவிடும். மளிகைக் கடை மின்தராசில் தட்டோடு எடை போட்டு, வெறும் தட்டின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். நான்காம் வகுப்புக் கழித்தல் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இதில் நான் முக்கியமாக நினைக்கிற இடம் உப்பு இல்லை, கிணற்றுத் தட்டு. எங்கள் ஊரில் அந்தத் தட்டிலும் வெள்ளையாகப் படிந்தது. ஒரு பையன் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அதான் எங்கம்மா குடத்தத் தூக்கிட்டு அவ்ளோ தூரம் போகுது" என்றான். நான் அதுவரை அந்தச் சோதனையைக் கடலைப் பற்றியது என்று நினைத்திருந்தேன்.

உப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குட்டிக் குட்டிப் பெட்டியாக, நான்கு மூலையோடு தெரியும். அடுத்த வாரம் ஒரு தட்டை வெயிலிலும் ஒரு தட்டை நிழலிலும் வைத்துப் பாருங்கள், நிழலில் மெதுவாக வற்றுவதில் பெட்டிகள் பெரிதாக இருக்கும். கடைசியில் தட்டின் ஓரத்தில் வற்றவே வற்றாமல் பிசுபிசுவென்று கொஞ்சம் நீர் தங்கும். உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும், அந்தக் கசப்பு நீரை அவர்கள் வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பள வேலைக்குப் போன தாத்தாவோ ஆச்சியோ யாராவது இருந்தால் அன்று கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

அம்மாக்களைக் கூப்பிடும்போது

பாசி எடுக்கப் போகும் பெண்கள் மண்டபம், பாம்பன், ஏர்வாடி பக்கம் ஏராளம். கண்ணாடி மாட்டி, விரலுக்குத் துணி சுற்றி, மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இருந்து மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற கடல்பாசிகளை எடுத்து வருகிறவர்கள். அவர்களில் ஒருவரை வகுப்புக்கு ஆசிரியராகக் கூப்பிடுங்கள், ஆனால் சும்மா கூப்பிடாதீர்கள். ஒரு நாள் பாசி போனால் ஒரு நாள் வருமானம் போச்சு. கிட் வாங்க வைத்திருந்த காசை அவர் கையில் கொடுங்கள். பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.

வேலை இதுதான். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அடியில் கெட்டியான வரைதாளைப் போட்டு, அதன் மேல் ஒரு சின்னப் பாசித் துண்டை மிதக்க விட்டு, ஈர்க்குச்சியால் கிளை கிளையாகப் பிரித்துவிட்டுத் தாளை மெல்லத் தூக்கினால் பாசி விரிந்தபடியே தாளில் படியும். மேலே வேட்டித் துணி, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் கனமான புத்தகம். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும், மறந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மெல்லிசான பாசி தன் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும், பசை வேண்டியதில்லை. கட்டக்கோரை தடிமன், அதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பசை.

அழுத்தி வைத்த கையோடு கேளுங்கள், நம் அம்மா எடுக்கிற பாசி எங்கே போகிறது? மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்து வெட்டித் தருகிற கடல்பாசியும் இந்த அகர்தான். ஒரு பாக்கெட் வாங்கிக் கண் முன்னால் காய்ச்சி, உறைவதைப் பார்க்க வைத்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள்.

விதையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கப் பழக்குவது

எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று நினைத்தால் பிள்ளைகளுக்குப் பொறுமை வராது. அதற்குப் பனங்கொட்டைதான் சரி. பனம்பழம் விழுகிற ஆவணி, புரட்டாசியில் ஆளுக்கு இரண்டு கொட்டை பொறுக்கிவரச் சொல்லி, பள்ளிக்கூடத்து ஓரத்தில் மணலை முழங்கால் உயரத்துக்குக் குவித்துப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு கொட்டையை மட்டும் தோண்டி எடுக்கலாம். எதைத் தோண்டுவது என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும், சண்டை வரும், வரட்டும்.

முளை மேலே வரும் என்று எல்லோரும் நோட்டில் வரைந்து வைத்திருப்பார்கள். அது முதலில் நேராகக் கீழே போகும். முதல் தோண்டலில் அதைப் பார்த்ததும், "தலைகீழா வச்சிட்டோமாக்கா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் இன்னொன்றைத் தோண்டிப் பார்க்க விட்டேன், அதுவும் கீழேதான் போயிருந்தது. கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாகத் தவுன் இருக்கும். அதைத் தின்னாத பிள்ளை நம் பக்கம் இல்லை, ஆனால் முளைக்கும்போது கொட்டைக்குள் இருக்கிற சாப்பாட்டை இழுத்து முளைக்கு அனுப்புகிற உறுப்பு அதுதான் என்பது பலருக்குப் புதுச் செய்தி. நூலால் முளையின் நீளத்தை அளந்து, நூலை அப்படியே வெட்டித் தேதி எழுதி நோட்டில் ஒட்டுங்கள். தையில் கிழங்கு பிடுங்கும்போது நூல்களை வரிசையாகப் பார்த்தால் வளர்ந்த கதை முழுக்க அதில் இருக்கும், வரைபடம் என்றால் என்ன என்று தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

நடுவில் கார்த்திகை, மார்கழியில் மழை வெளியே விடாது. அப்போது குருத்தோலை வாங்கி வந்து உள்ளே உட்கார்ந்து கிலுகிலுப்பையும் பந்தும் முடையலாம். முடையச் சொல்லித்தர வருகிற ஆச்சி "ஒண்ணு விட்டு ஒண்ணு" என்று சொல்லும்போது ஒற்றைப்படை, இரட்டைப்படை கையில் ஏறிவிடும்.

காற்றும் இரண்டு கடலும்

மூங்கில் கம்பில் ஒரு துணித்துண்டு, தரையில் நான்கு திசை, தினமும் காலை மணி அடிக்கும்போது ஒரு பிள்ளை போய்ப் பார்த்துக் குறித்துவர வேண்டும். இதற்குச் செலவே இல்லை. காற்றின் பெயரை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்: வடக்கே இருந்து வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம், மேற்கே கச்சான். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், தாத்தா என்ன சொன்னாரோ அதையே எழுதட்டும்.

மண்டபம், பாம்பன் பக்கப் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினை, நடந்தால் வடகடல், திரும்பி நடந்தால் தென்கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடையில் அப்படியே மாறிவிடும். மணலில் நீளமாக ஒரு மேடு செய்து, இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கமிருந்து விசிறியால் விசிறச் சொல்லுங்கள். மேட்டின் மறைவில் தண்ணீர் ஏன் அசையாமல் இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்பாக்கள் கரையில் வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள். காற்றைப் பற்றிப் பேச ஒருவரைக் கூப்பிட அதுதான் நேரம்.

வலையைத் தொட்டுப் பார்க்க விடுவீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மிதப்பு, வலையை மூழ்க வைக்கிற மணி இரண்டையும் வைத்து மிதப்பது, மூழ்குவது எல்லாம் அழகாகக் காட்டலாம்தான், ஆனால் அந்த மணி ஈயம். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், வாய்க்குப் போய்விடும். களிமண் உருண்டையோ கல்லோ கட்டிக் காட்டுங்கள்.

கரைக்கு அழைத்துப் போவதென்றால்

காலை ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். தண்ணீரில் கால் வைப்பது இல்லை, நீச்சல் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் இல்லை. வீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கரை ஒதுங்கிய சொறியை (ஜெல்லி மீனை) குச்சியால்கூடத் தொடக் கூடாது. கூம்பு மாதிரி இருக்கிற சங்கைக் கையில் எடுக்கவே கூடாது, உள்ளே உயிர் இருந்தால் ஊசி மாதிரி விஷம் குத்தும். பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை, சங்கு எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், இதில் பலவற்றுக்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. பார்த்து, எண்ணி, வரைந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதைப் பிள்ளைகள் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அலையாத்திக் காட்டைக் காட்ட ஆசை என்றால் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டில் வனத்துறையே படகில் அழைத்துப் போகிறது.

நிழல் காணாமல் போகும் நாள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு ஒரு வருடம் முழுக்கத் தயாராக வேண்டும். மைதானத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பை, தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, பகல் 11.30 முதல் 1 மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல். மிகக் குட்டையான நிழலின் மேல் கோடு போட்டால் அது வடக்கு தெற்கு. மார்கழியில் அந்த நிழல் வடக்கே விழும், ஆனியில் தெற்கே விழும். இதைச் சொன்னால் பெரியவர்களே நம்ப மாட்டார்கள், அவர்களையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வடக்கே இருந்தது தெற்கே போக வேண்டுமானால் நடுவில் ஒரு நாள் நிழலே இல்லாமல் இருக்க வேண்டுமே, அது எந்த நாள் என்று பிள்ளைகளை முன்கூட்டிச் சொல்ல விடுங்கள்.

நம் கரைக்கு அது சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிறது, ஏப்ரல் 14 வாக்கில். சாயல்குடிப் பக்கம் ஒரு நாள் முன்னே, தொண்டிப் பக்கம் ஒரு நாள் பின்னே. மறுபடி ஆகஸ்ட் 28, 29 வாக்கில் இன்னொரு முறை. அன்றைக்கு விடுமுறை என்றால் முதல் நாளோ மறுநாளோ வைத்துக்கொள்ளலாம், அப்போதும் ஒரு மீட்டர் கம்புக்கு ஒரு சென்டிமீட்டர்கூட நிழல் இருக்காது. சூரியன் நேர் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ராமேஸ்வரத்தில் 12.13, ராமநாதபுரத்தில் 12.15. அதனால் 12.05-க்கெல்லாம் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, தலையில் துண்டு போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கம்பைச் சுற்றி வட்டமாக உட்கார வைத்துவிடுங்கள். யாரும் கம்பின் மேல் சாய்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.